25 லட்சம் யூரோ வாங்கித் தருகிறேன் என்கிறார், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஜெர்மனியின் ஆகன் நகரில் நானும் என் கணவரும் 2022 இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினோம். எங்களையும் சேர்த்து நான்கு பேர். தெருவுக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாய் எங்கே கசிகிறது என்பதை ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி செய்கிறோம். பக்கத்து ஊர் நகராட்சிக் குடிநீர் நிறுவனத்தில் ஓராண்டாகச் சோதனை நடக்கிறது. கடந்த ஆண்டு வரவு 3,10,000 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஐரோப்பா திட்டத்தில் 25 லட்சம் யூரோ வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். முன்பணம் 7,000 யூரோ, கிடைத்தால் 8 சதவீதம். இதற்கிடையில் ஸ்பெயின் பல்கலைக்கழகம் ஒன்று தங்கள் கூட்டு விண்ணப்பத்தில் எங்களைச் சேரச் சொல்லி, எங்கள் பங்கு 2,80,000 யூரோ என்று அட்டவணை அனுப்பியிருக்கிறது. இரண்டு வாரத்தில் பதில் வேண்டுமாம். கருவியின் கூட்டை வார்த்துத் தரும் என் சித்தப்பா மகனின் கோவைப் பட்டறையையும் இதில் சேர்க்க முடியுமா? இவற்றில் எதை முதலில் பிடிப்பது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஆலோசகரின் ஒப்பந்தம், ஸ்பெயினிலிருந்து வந்த அட்டவணை, உங்கள் சோதனைக் குறிப்பு மூன்றையும் படித்தேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுவோம். ஆலோசகர் 25 லட்சம் என்றார். திட்டச் செலவில் 70 சதவீதம் மானியம் என்றும் சொன்னார். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாரா? 25 லட்சம் என்பது 70 சதவீதம் என்றால் முழுச் செலவு ஏறத்தாழ 35,71,000 யூரோ. மீதி 10,71,000 யூரோ உங்களுடையது. ஆண்டு வரவு மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டிய நிறுவனம் அந்தப் பத்தே முக்கால் லட்சத்தை எங்கிருந்து கொண்டுவரும்?

அவர் சொல்லும் திட்டம் ஐரோப்பியப் புத்தாக்க மன்றத்தின் 'ஆக்ஸிலரேட்டர்'. ஹொரைசன் ஐரோப்பா என்பது ஆராய்ச்சிக்கும் புத்தாக்கத்துக்கும் ஒன்றியம் பணம் தரும், 2021 முதல் 2027 வரைக்குமான ஏழாண்டுத் திட்டம். மொத்தம் 9,550 கோடி யூரோ. அதில் இந்த மன்றத்தின் கையில் இருப்பது 1,000 கோடிக்குச் சற்று மேல். சிறு நிறுவனம் தனியாகவே போய் விண்ணப்பிக்கலாம், கூட்டாளி தேவையில்லை என்பதுதான் ஆக்ஸிலரேட்டரின் கவர்ச்சி. மீதி 30 சதவீதத்தை மன்றத்தின் முதலீட்டு நிதியமே தரக்கூடும் என்று ஆலோசகர் சொல்லியிருப்பார். பொய் இல்லை. ஆனால் அது கொடையும் இல்லை, கடனும் இல்லை. உங்கள் நிறுவனத்தின் பங்கை வாங்கிக்கொண்டு தரும் பணம். நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டிய பெரிய முடிவு அது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டுக் கடந்துபோகிற சங்கதி அல்ல.

போட்டியையும் பாருங்கள். 2024 அக்டோபர் சுற்றில் முழு விண்ணப்பம் போட்ட நிறுவனங்கள் 1,211. தேர்வானவை 71. இந்த 1,211 பேரும் முதல் சல்லடையைக் கடந்து வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. கடைசிக் கட்டம் நேர்காணல்: பத்து நிமிடம் நீங்கள் பேச வேண்டும், பிறகு நடுவர் குழு குடையும். அந்த அறைக்குள் ஆலோசகருக்கு இடமில்லை. இவ்வளவு பெரிய சந்தையில் தனியார் முதலீட்டாளர் ஏன் இன்னும் உங்களிடம் வரவில்லை, மூன்றாம் ஆண்டில் யார் வாங்குவார்கள், விலை என்ன என்று கேட்பார்கள். ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் சோதனை நடக்கும் நிலையில் இதற்குப் பதில் சொல்வது கடினம். தோற்றால் மறுபடி போடலாம் என்றாலும் முயற்சிகளுக்கு வரம்பு உண்டு. அரைகுறையாகப் போய் ஒன்றை வீணாக்குவானேன்?

எனக்கு ஒரு பழைய வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இதற்கு முந்தைய ஹொரைசன் 2020 திட்டத்தில் சிறு நிறுவனங்களுக்கு 50,000 யூரோ என்று ஒரு முதல் படி இருந்தது. சந்தை இருக்கிறதா, உரிமம் வாங்க வழி இருக்கிறதா என்று பார்ப்பதற்கான பணம். உங்களைப் போன்றவர்களுக்குச் சட்டை தைத்ததுபோல் பொருந்தும். 2019 இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஏணியின் கீழ்ப்படியை எடுத்துவிட்டு மேலே ஏறு என்றால் எப்படி ஏறுவது?

ஆனால் கீழ்ப்படி வேறோர் இடத்தில் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் அல்ல, உங்கள் ஊர் வரி அலுவலகத்தில்.

கடிதம் முழுவதும் தேடினேன். ஃபோர்ஷுங்ஸ்சூலாகே என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. ஆராய்ச்சிக்கான வரிச் சலுகை அது. 2020 ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் சட்டமாக இருக்கிறது. ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஊழியர்களின் சம்பளச் செலவில் 25 சதவீதத்தை அரசு திருப்பித் தருகிறது. 2024 மார்ச் 28 முதலான செலவுக்குச் சிறு, நடுத்தர நிறுவனங்கள் 35 சதவீதம் கேட்கலாம். 'கேட்கலாம்' என்று வேண்டுமென்றே எழுதுகிறேன்; அந்தக் கூடுதல் 10 சதவீதம் படிவத்தில் கேட்டவர்களுக்குத்தான். லாபமே இல்லை, கட்ட வேண்டிய வரியே இல்லை என்றாலும் பணமாகவே வங்கிக் கணக்குக்கு வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், முடிந்துபோன ஆண்டுகளுக்கும் இதைக் கேட்கலாம்.

உங்கள் நால்வரின் சம்பளச் செலவு ஆண்டுக்கு 1,60,000 யூரோ என்று எழுதியிருக்கிறீர்கள். பொறியாளர்கள் இருவருக்கும் தலா 56,000, உங்கள் இருவருக்கும் மாதம் 2,000 வீதம் தலா 24,000. இதில் முக்கால் பங்கு கருவியை உருவாக்கும் வேலை என்று வைத்துக்கொள்வோம், 1,20,000. அதில் 25 சதவீதம் 30,000 யூரோ, 35 சதவீதம் 42,000 யூரோ. நான்கு ஆண்டும் இதே அளவு என்றால் 2022 க்கும் 2023 க்கும் தலா 30,000, 2024 க்கு இரண்டு விகிதமும் கலந்து 39,000, 2025 க்கு 42,000. கூட்டிப் பார்த்தால் 1,41,000 யூரோ. தொடக்க ஆண்டில் சம்பளம் குறைவாக இருந்திருக்கும். அதைக் கழித்தாலும் உங்கள் கடந்த ஆண்டு வரவில் மூன்றில் ஒரு பங்கையாவது தொடும். இதற்கு நேர்காணல் இல்லை, 1,211 பேரோடு போட்டியும் இல்லை.

இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் ஆராய்ச்சிச் சலுகைக்கான சான்றளிப்பு அலுவலகத்துக்கு இணையவழியில் எழுத வேண்டும்: செய்தது புதியதா, தோற்கும் வாய்ப்பு இருந்ததா, திட்டமிட்டுச் செய்தீர்களா. ஒரு கணக்காண்டில் முதல் சான்றிதழுக்குக் கட்டணம் இல்லை. அதை வைத்துக்கொண்டு வரி அலுவலகத்தில் விண்ணப்பம். இங்கே பலர் சறுக்குவது 'தோற்கும் வாய்ப்பு' என்ற இடத்தில்தான். நம் ஊர்ப் பழக்கம், விண்ணப்பம் என்றாலே எல்லாம் வெற்றி என்று எழுதுவோம். இவர்களுக்கு அது பிடிக்காது. பிளாஸ்டிக் குழாயில் ஒலி சீக்கிரம் மடிந்துபோகிறது, டிராம் போகும் தெருவில் கசிவின் சத்தத்தைப் பிரித்தெடுக்க முடியவில்லை, மூன்று வடிகட்டும் முறைகளை முயன்று இரண்டைத் தூக்கிப் போட்டோம் என்று உங்கள் சோதனைக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் வேண்டும். அந்தத் தோல்விகளுக்குத்தான் அரசு பணம் தருகிறது.

யார் எத்தனை மணி நேரம் ஆராய்ச்சியில் இருந்தார் என்ற பதிவும் வேண்டும். நாள்காட்டி, சோதனை ஏடு, நிரல் மாற்றங்களின் தேதி எல்லாவற்றையும் வைத்து உங்கள் வரி ஆலோசகரோடு உட்காருங்கள். 2022 ஆம் ஆண்டுச் செலவுக்கான கதவு 2026 டிசம்பர் 31 அன்று மூடும். சான்றிதழுக்கே சில மாதம் பிடிக்கலாம். ஆகவே, முதலில் எதைப் பிடிப்பது என்று கேட்டீர்களே, இதைத்தான். ஸ்பெயினுக்குப் பதில் எழுதுவதற்கும் முன்னால்.

ஜெர்மனியின் ஸிம் திட்டத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நடுத்தர நிறுவனங்களின் புத்தாக்கத்துக்கான மானியம் அது. அடுத்த தலைமுறைக் கருவிக்குப் பொருந்தும். ஆனால் அங்கே விதி நேர்மாறு: விண்ணப்பம் போய்ச் சேருமுன் வேலையைத் தொடங்கியிருக்கக் கூடாது. ஒரே சம்பளத்தை இரண்டு இடத்தில் காட்டவும் கூடாது. எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும் விதி இது. மீறினால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

இனி ஸ்பெயின் அழைப்பு. இதை மறுக்க வேண்டாம் என்றுதான் என் மனது சொல்கிறது. ஆனால் இப்போது இருக்கும் அட்டவணைக்குத் தலையாட்டவும் வேண்டாம்.

ஹொரைசன் ஐரோப்பாவின் பெரும்பணம் இப்படிப்பட்ட கூட்டு விண்ணப்பங்களில்தான் இருக்கிறது. ஒன்றியத்திலோ, ஒப்பந்தம் போட்டுத் திட்டத்தோடு இணைந்தோ இருக்கும் மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து குறைந்தது மூன்று அமைப்புகள். அவற்றில் ஒன்றாவது ஒன்றிய நாட்டில் இருக்க வேண்டும். நடைமுறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். தண்ணீர் சம்பந்தப்பட்ட தலைப்புகள் பெரும்பாலும் திட்டத்தின் துறைவாரித் தொகுதிகளில் ஆறாவதில் வரும். உணவு, வேளாண்மை, இயற்கை வளம், சுற்றுச்சூழல் எல்லாம் அங்கேதான். பல்கலைக்கழகங்கள் சிறு நிறுவனங்களைத் தேடி வருவதற்குக் காரணம் அன்பு மட்டுமல்ல. கூட்டில் தொழில் நிறுவனம் இல்லையென்றால் 'பயன் யாருக்கு' என்ற பகுதியில் மதிப்பெண் சரியும். உங்களுக்கு அவர்கள் தேவைப்படுவதைப்போல் அவர்களுக்கும் நீங்கள் தேவை. அந்தத் தெம்போடு பேசுங்கள்.

அட்டவணையில் உங்கள் வரிசையைப் பாருங்கள்: 48 ஆள்-மாதம், 2,80,000 யூரோ. ஒருவர் ஒரு மாதம் முழுநேரம் பார்க்கும் வேலைதான் ஆள்-மாதம். இந்தத் தொகைக்குள் நிர்வாகச் செலவுக்கான 25 சதவீதமும் அடங்கியிருக்கிறது. 2,80,000 ஐ 1.25 ஆல் வகுத்தால் நேரடிச் செலவுக்கு மிஞ்சுவது 2,24,000. உங்கள் பொறியாளருக்கு மாதச் செலவு ஏறத்தாழ 4,670. அதை 48 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2,24,160. பணம் மொத்தமும் சம்பளத்துக்கே சரியாகப் போய்விடுகிறது. நான்கு நகரங்களில் பொருத்த வேண்டிய கருவிகளை எதை வைத்துச் செய்வீர்கள்? ஆறு கூட்டங்களுக்கு விமான டிக்கெட் யார் எடுப்பது? பேராசிரியர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்காரர் ஆள்-மாதத்தை முதலில் நிரப்புவார், பொருளைப் பிறகு யோசிப்பார். கருவிக்கும் பயணத்துக்கும் 76,000 யூரோ ஒதுக்குங்கள்; சம்பளத்துக்கு 1,48,000 மிஞ்சும். அது 31 அல்லது 32 ஆள்-மாதம். அதற்கு ஏற்ற வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தொகையை உயர்த்தச் சொல்லுங்கள்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது, நம்மவர்கள் பலர் விழுவது. நீங்களும் உங்கள் கணவரும் மாதம் 2,000 யூரோதான் எடுக்கிறீர்கள். நிறுவனம் நிற்கும்வரை வயிற்றைக் கட்டலாம் என்ற எண்ணம். ஐரோப்பியத் திட்டம் பார்ப்பது மெய்யான சம்பளச் செலவை. திட்டத்தில் பாதி வேலையை நீங்கள் இருவரும் செய்தால், அந்தப் பாதிக்கு மாதம் 2,000 தான் கணக்கில் ஏறும். இரவு பன்னிரண்டு மணிவரை உழைத்தாலும் அவ்வளவுதான். அட்டவணையில் 2,80,000 என்று இருப்பது உச்சவரம்பு மட்டுமே, உங்களுக்கு எழுதிவைத்த தொகை அல்ல. செலவானதாகக் காட்ட முடிந்த அளவுக்குத்தான் கிடைக்கும். வரிச் சலுகையிலும் இதே கதை. திட்டம் கையெழுத்தானதும் சம்பளத்தைத் திடீரென்று ஏற்றினால் தணிக்கையில் கேள்வி வரும். நிறுவனத்தால் தாங்க முடியுமென்றால் இப்போதே, எல்லா வேலைக்கும் பொதுவாக, முறையான ஒப்பந்தத்தோடு சம்பளத்தைச் சீராக்குங்கள். சிக்கனம் நல்ல குணம்தான். இந்த ஒரு விஷயத்தில் அது உங்களையே தின்கிறது.

பேராசிரியரிடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். இது எந்த வகைத் திட்டம்? ஆராய்ச்சி வகையானால் எல்லோருக்கும் 100 சதவீதம். புத்தாக்க வகையானால் லாப நோக்குள்ள நிறுவனத்துக்கு 70 சதவீதம். பல்கலைக்கழகத்துக்கு அங்கேயும் 100. அவருக்கு வித்தியாசமே இல்லாததால் உங்களிடம் சொல்ல மறந்திருக்கலாம். மொத்தத் தொகை முறையா, மெய்ச்செலவு முறையா என்றும் கேளுங்கள். மொத்தத் தொகை முறையில் மணிக்கணக்குத் தொல்லையோ ரசீதுத் தொல்லையோ இல்லை. ஆனால் ஒரு வேலைப் பகுதி முழுதாக முடிந்தால்தான் அதற்குரிய பணம். அதே பகுதியில் இன்னொரு கூட்டாளி கோட்டைவிட்டால் உங்கள் பங்கும் நின்றுபோகும். ஆகவே எந்தப் பகுதியில் யாரோடு இருக்கிறீர்கள் என்பது தொகையைவிட முக்கியம்.

கூட்டாளிகள் எப்படிப்பட்டவர்கள் என்பதை நீங்களே பார்க்கலாம். கோர்டிஸ் என்ற ஐரோப்பிய ஆணையத்தின் தரவுத்தளத்தில் நிதி பெற்ற திட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. யார் ஒருங்கிணைத்தார்கள், யாருக்கு எவ்வளவு என்று பார்க்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். முன்பு ஒருங்கிணைத்த அனுபவம் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஹொரைசன் 2020 க்கும் முந்தைய ஏழாவது கட்டமைப்புத் திட்டக் காலத்தில், நானும் உங்களைப்போல் ஐந்து பேர் கொண்ட நிறுவனத்தில் இருந்தேன். பணம் ஆணையத்திலிருந்து ஒருங்கிணைப்பாளருக்குப் போய், அங்கிருந்துதான் எங்களுக்கு வர வேண்டும். முதல் தவணை ஒழுங்காக வந்தது. இரண்டாம் தவணைக்கு எங்கள் அறிக்கை முதல் வாரத்திலேயே போய்விட்டது. பணம் வரவில்லை. கூட்டாளி ஒருவர் செலவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்ததால் மொத்தத் தவணையும் நின்றது. பிறகு அவர் போட்டார். அதற்குள் ஒருங்கிணைப்பாளரின் கணக்குப் பிரிவில் கோடை விடுமுறை. ஐந்து மாதம். என்னுடைய சேமிப்பிலிருந்து இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தேன். வீட்டில் அதைச் சொல்லவில்லை என்பது வேறு கதை. இன்றும் பாதை அதேதான்: முன்பணம் வரும், யாராவது பணத்தைத் திருப்பித் தராமல் போனால் ஈடுகட்ட அதிலேயே ஒரு சிறு பகுதி பொதுக் காப்பு நிதிக்குப் பிடிக்கப்படும், அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு அடுத்தது, கடைசிப் பத்து சதவீதமோ எல்லாம் முடிந்த பிறகு. நான்கைந்து மாதச் சம்பளத்துக்குக் கையிருப்பு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். வரிச் சலுகையை முதலில் பிடியுங்கள் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்; அந்தப் பணம்தான் இந்தக் கையிருப்பு.

கூட்டு ஒப்பந்தத்தில் ஒரே ஒரு விஷயம். ஒலியைப் பிரித்தெடுக்கும் உங்கள் நிரல் திட்டத்துக்கு முன்பே உங்களுடையது. அதைப் பெயர் சொல்லிப் பட்டியலில் எழுதுங்கள்; மூல நிரலைக் கொடுக்க மாட்டோம், பயன்படுத்த மட்டும் விடுவோம் என்பதையும் எழுதுங்கள். ஒரு நாள் வழக்கறிஞருக்குச் செலவழிக்க வேண்டிய இடம் இது.

விண்ணப்பத்தில் உங்கள் பகுதியை எழுதுவது பற்றி இரண்டு வார்த்தை. நான் சில முறை மதிப்பீட்டாளராக இருந்திருக்கிறேன்; எந்த விண்ணப்பம் என்று சொல்ல அனுமதி இல்லை, எப்படிப் படிப்போம் என்று சொல்லலாம். சிறப்பு, பயன், செயல்படுத்தும் திறன் என்று மூன்று தலைப்பு, தலா 5 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 3, மொத்தத்தில் 10 என்பது விதிப்படி தேர்ச்சி. விதிப்படி மட்டும்தான்; பணம் கிடைப்பவர்கள் பெரும்பாலும் 13 க்கு மேல் நிற்பார்கள். பக்க வரம்பைத் தாண்டி எழுதினால் அந்தப் பக்கங்கள் எங்கள் திரைக்கே வராது. இறுதி நேரம் பிரஸ்ஸல்ஸ் கடிகாரத்தில் மாலை 5 மணி. 5:01 க்கு விண்ணப்ப இணையதளம் ஏற்காது, அழுதாலும் ஏற்காது.

நீங்கள் பேராசிரியருக்கு அனுப்பிய பத்தியில் 'எங்கள் கருவி உலகின் தண்ணீர்ப் பற்றாக்குறையைத் தீர்க்கும்' என்று இருக்கிறது. எடுத்துவிடுங்கள். மதிப்பீட்டாளர் இதுபோல் அன்றைக்கே நான்கு வாக்கியம் படித்திருப்பார். உங்கள் சோதனைக் குறிப்பில் அதைவிடப் பெரிய சொத்து இருக்கிறது: கருவி 23 இடங்களைக் காட்டியது, தோண்டிப் பார்த்ததில் 17 இடங்களில் கசிவு இருந்தது. மீதி ஆறு வெறும் பள்ளம். அந்த ஆறு பள்ளங்களைத் தோண்டி மூடித் தார் போட நகராட்சிக்கு என்ன செலவானது என்று கேட்டு வாங்குங்கள். பழைய முறையில் 23 க்கு எத்தனை வெறும் பள்ளம் விழுந்தது என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டு எண்களும் 'பயன்' பகுதியைத் தூக்கி நிறுத்தும்.

கோவைப் பட்டறை. இந்தியா ஹொரைசன் ஐரோப்பாவோடு இணைந்த நாடு அல்ல. 2014 இல் ஹொரைசன் 2020 தொடங்கியபோதே இந்தியா, சீனா, பிரேசில், ரஷ்யா, மெக்ஸிகோ நாட்டு அமைப்புகளுக்குத் தானாகவே நிதி கிடைக்கும் வழி அடைபட்டுவிட்டது. குறிப்பிட்ட அழைப்பில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, உங்கள் சித்தப்பா மகன் சொந்தச் செலவில் கூட்டாளியாக இருக்கலாம், பணம் கிடைக்காது. அவருக்கு அதில் என்ன லாபம்? ஒன்றுமில்லை. அவரைக் கூட்டாளியாக்க வேண்டிய தேவையும் இல்லை. கூட்டை அவரிடம் விலைக்கு வாங்குங்கள். பொருள் வாங்கிய செலவாகக் கணக்கில் வரும். ஆனால் உறவினர் என்பதால் தணிக்கையாளர் கண் அங்கே போகும். வேறு இரண்டு ஃபவுண்டரிகளிடம் விலைப்புள்ளி வாங்கிக் கோப்பில் வையுங்கள், உறவை மறைக்காமல் எழுத்தில் தெரிவியுங்கள், விலையும் தரமும் ஏன் அவரிடம் சரி என்று அரைப்பக்கம் எழுதுங்கள். பம்பு வார்க்கும் ஊரின் விலையோடு ஐரோப்பாவில் யார் போட்டி போடப்போகிறார்கள்? மடியில் கனமில்லை, அதைக் காகிதத்திலும் காட்டிவிடுங்கள்.

லண்டன், சூரிச், ஓஸ்லோ வாசகர்கள் 'எங்களுக்கு உண்டா' என்று எழுதுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நார்வே நெடுநாளாக இணைந்த நாடு. பிரிட்டன் 2024 ஜனவரி 1 முதல் மறுபடி உள்ளே வந்தது; ஆனால் ஆக்ஸிலரேட்டரில் பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு மானியம் மட்டும்தான், பங்கு முதலீடு இல்லை. சுவிட்சர்லாந்து 2025 முதல் உள்ளே இருக்கிறது.

கூட்டுத் திட்டம் கிடைக்காமல் போனால் அடுத்தபடி யூரோஸ்டார்ஸ் பாருங்கள். இரண்டு நாடுகளிலிருந்து இரண்டு கூட்டாளிகள் போதும், சிறு நிறுவனம்தான் தலைமை தாங்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் அவரவர் நாட்டு அரசே பணம் தரும். ஆக்ஸிலரேட்டருக்கு, இன்னும் இரண்டு நகராட்சிகள் பணம் கொடுத்து உங்கள் கருவியை வாங்கிய பிறகு போகலாம். அதற்குள் 2028 இல் தொடங்க வேண்டிய அடுத்த ஏழாண்டுத் திட்டம் வந்திருக்கும். அதற்கு 17,500 கோடி யூரோ வேண்டும் என்று ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்திருக்கிறது. உறுப்பு நாடுகளும் நாடாளுமன்றமும் பேரம் பேசி முடிக்கும்போது எவ்வளவு மிஞ்சும் என்பது அவர்கள் கையில்.

கடைசியாக ஆலோசகர். எல்லா ஆலோசகரும் மோசம் என்று நான் சொன்னால் என் பிழைப்பையே நான் திட்டியதாகும். நல்லவர்கள் உண்டு, அவர்கள் உங்கள் வரவு செலவைப் பார்த்ததும் 'இது இப்போது வேண்டாம்' என்று சொல்லியிருப்பார்கள். அவர் செய்யும் தொடக்க வேலையில் பாதியை இலவசமாகச் செய்து தர ஒவ்வொரு நாட்டிலும் தேசியத் தொடர்பு நிலையம் இருக்கிறது. ஜெர்மனியில் தலைப்புவாரியாக ஆட்கள் இருக்கிறார்கள், தொலைபேசியில் பேசலாம். கூட்டாளி தேட என்டர்பிரைஸ் யூரோப் நெட்வொர்க் உதவும், அதற்கும் கட்டணம் இல்லை. ஆலோசகருக்குத் தர வேண்டிய 8 சதவீதம், அதாவது 25 லட்சத்துக்கு 2,00,000 யூரோ, மானியத்தில் செலவாக எழுத முடியாதது. உங்கள் பையிலிருந்து போக வேண்டும்.

ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவைப் படித்தீர்களா? சிறிய எழுத்தில் இருக்கிறது. கையெழுத்தான நாளிலிருந்து 24 மாதங்களில் உங்கள் நிறுவனம் பெறும் 'எந்தவொரு பொது நிதிக்கும்' அந்த 8 சதவீதம் பொருந்தும் என்கிறது. அதாவது நீங்களே எழுதி வாங்கப்போகும் வரிச் சலுகைக்கும், பேராசிரியர் எழுதும் கூட்டுத் திட்டத்தில் உங்கள் பங்குக்கும், அவர் ஒரு வரிகூட எழுதாமல் அவருக்குக் கமிஷன். 1,41,000 மும் 2,80,000 மும் கிடைத்தால் அதில் மட்டும் 33,680 யூரோ. முன்பணத்தை இன்னும் அனுப்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அனுப்ப வேண்டாம். வரி ஆலோசகரிடம் இந்த வாரமே நேரம் வாங்கிவிட்டு, ஸ்பெயினுக்குத் திருத்திய ஆள்-மாதக் கணக்கை அனுப்புங்கள். அவர்கள் பதில் வந்ததும் அந்த அட்டவணையை எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.